கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்தால், மொத்தச் செலவில் பெரும் பங்கு பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போகும். சில வீடுகளில் அது அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். சில மாணவர்களுக்கு விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் முழுவதும். அந்தப் பணத்துக்குத் தகுந்த பொருள் கைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கங்கள். கார்டுகளின் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது வரிசை வரும். தேர்ந்தெடுக்கும் முறை மட்டும் அவ்வளவாக மாறுவதில்லை. கார்டைத் தனியாகப் பார்க்காமல் உங்கள் மானிட்டர், நீங்கள் ஆடும் கேம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் ஆகிய மூன்றோடும் பொருத்திப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1. மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றால், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஓடாது என்கிறான். உண்மையா?

எந்த கேம் என்பதைப் பொறுத்தது. திரையில் தெரியும் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. 1920-க்கு 1080 அளவுள்ள சாதாரண மானிட்டரில் மட்டும் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். கேம் ஆடும்போது அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் நொடிக்கு 60 முறையாவது கணக்கிட வேண்டும். ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுவதற்கென்றே உருவாக்கப்பட்டது கிராபிக்ஸ் சிப்.

அந்தச் சிப்பின் சிறிய வடிவம் பல பிராசஸர்களுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி ரைசன் 5 8600ஜி போன்ற பிராசஸரில் வாலரன்ட், ஜிடிஏ 5 போன்றவற்றை நடுத்தர செட்டிங்கில் தாராளமாக ஆடலாம். இதற்கு ரேமை ஒற்றையாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுவது அவசியம். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

சைபர்பங்க் 2077 போன்ற கனமான கேம்களுக்குத் தனிக் கார்டு வேண்டும். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டும் ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டைக் கட்டாயமாகவே கேட்கின்றன. ஆகவே மகனிடம், ஆட விரும்பும் ஐந்து கேம்களின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கார்டு தேவையா, எவ்வளவு பெரிய கார்டு தேவை என்பதற்கு அந்தப் பட்டியலே விடை சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் மானிட்டரில் படமே வராது. கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 'எஃப்' இல்லாத பிராசஸரை வாங்க வேண்டும்.

2. கார்டு தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

மானிட்டரிலிருந்து. 1080பி என்பது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி சுமார் 36.9 லட்சம், 4கே சுமார் 83 லட்சம். 1080பியோடு ஒப்பிட்டால் 4கே மானிட்டருக்கு நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும்.

அடுத்தது, மானிட்டர் நொடிக்கு எத்தனை பிரேம்களைக் காட்டும் என்பது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கார்டு 140 பிரேம் அனுப்பினாலும் கண்ணுக்கு 60 மாற்றங்கள்தான் தெரியும். வீட்டில் இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர், அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், நடுத்தரக் கார்டே போதும். போட்டி கேம் ஆடுபவர் என்றால், கார்டுக்கு ஒதுக்கிய தொகையில் கொஞ்சம் எடுத்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவது அதிகப் பலன் தரும். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 16.7 மில்லி செகண்டு. 144 ஹெர்ட்ஸில் அது சுமார் 7 மில்லி செகண்டாகக் குறைகிறது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

3. கடையில் கொடுத்த கொட்டேஷனில் '8 ஜிபி கிராபிக்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இது போதுமா?

போதாது. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, முழு மாடல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். 8 ஜிபி என்பது கார்டில் உள்ள நினைவகத்தின் அளவு மட்டுமே, வேகத்தைச் சொல்லாது. 2014-ல் வந்த ஜிடி 730 கார்டு 4 ஜிபி நினைவகத்தோடும் விற்கப்பட்டது. அதன் சிப் இன்றைய கேம்களுக்கு எந்த வகையிலும் ஈடுகொடுக்காது.

பெயரை இப்படிப் படியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 என்றால் முதலில் உள்ள 50 தலைமுறை, கடைசியில் உள்ள 60 அந்தத் தலைமுறைக்குள் அதன் படிநிலை. 60 நடுத்தரம், 70 அதற்கு மேல், 80-ம் 90-ம் உச்சம். பின்னால் 'டிஐ', 'சூப்பர்', 'எக்ஸ்டி' என்று வந்தால் அதே எண்ணின் கூடுதல் வேக வடிவம். தலைமுறை புதியது என்பதற்காகவே கார்டு வேகமானது என்று எண்ண வேண்டாம். பழைய தலைமுறையின் 70, புதிய தலைமுறையின் 50-ஐ எளிதில் முந்தும்.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருப்பதுதான் பெரிய சிக்கல். ஆர்டிஎக்ஸ் 3060 முதலில் 2021-ல் 12 ஜிபியோடு வந்தது. அதன் நினைவகம் நொடிக்கு 360 ஜிபி வேகத்தில் தரவு அனுப்பும். பிறகு அதே பெயரில் வந்த 8 ஜிபி வடிவத்தில் அந்த வேகம் 240 ஜிபி. பெயரை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு நினைவக வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஜிடி 1030-ல் நிலைமை இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ள வடிவத்தின் வேகம் 48 ஜிபி, டிடிஆர்4 வடிவத்தின் வேகம் 17 ஜிபிகூட இல்லை. ஆகவே சிப்பின் பெயர், நினைவகத்தின் அளவு, நினைவகத்தின் வகை மூன்றும் கொட்டேஷனில் இருக்க வேண்டும்.

4. 8 ஜிபி நினைவகம் இன்று போதுமா? 12, 16 ஜிபிக்குப் போக வேண்டுமா?

கேமில் வரும் சுவர், தரை, உடை, முகம் ஆகியவற்றின் படங்கள் கார்டின் நினைவகத்தில் தயாராக இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் அவற்றைக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அவ்வப்போது இழுத்துவர வேண்டியிருக்கும். அந்த வழி மிக மெதுவானது. விளைவு, ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று நின்று நின்று போகும், அல்லது சுவர்கள் களிமண் பூசியதுபோல மங்கலாகத் தெரியும். 2023-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1', 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' போன்ற கேம்களில் 8 ஜிபி கார்டுகள் உயர்ந்த செட்டிங்கில் இப்படித்தான் திணறின. சிப்புக்கு வேகம் இருந்தும் இடம் இல்லாததால் வந்த சிக்கல் அது.

போட்டி கேம்கள், பழைய கேம்கள், 1080பி, நடுத்தர செட்டிங் என்றால் 8 ஜிபி இன்னும் போதும். புதிய பெரிய கேம்களை உயர் செட்டிங்கில் நான்கைந்து ஆண்டு ஆட வேண்டும், அல்லது 1440பி மானிட்டர் வைத்திருக்கிறீர்கள் என்றால், 12 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். சிப்பின் வேகம் போதாதபோது செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கலாம். நினைவகம் போதாத கார்டில், சிப்புக்குத் தெம்பு இருந்தும் படத்தின் தரத்தைக் குறைக்க வேண்டிய நிலை வரும். பின்னால் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே ஒரே சிப் 8, 16 என்று இரண்டு அளவில் கிடைத்து, விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் 16 ஜிபியை எடுப்பதே நல்லது.

5. நடுத்தர பட்ஜெட்டில் எந்தெந்தக் கார்டுகளைப் பார்க்கலாம்?

அண்மைத் தலைமுறையில் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி, 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி, 2025 மே, 299 டாலர். ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 2025 ஜூன். 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 2025 ஏப்ரல்; 8 ஜிபி 379, 16 ஜிபி 429 டாலர். இவை அமெரிக்காவில் வரி சேர்க்காத அறிமுக விலைகள். நம் ஊரில் 18 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குமதிச் செலவும் விநியோகஸ்தர் லாபமும் சேரும் என்பதால், டாலரை ரூபாயாகப் பெருக்கி அதே விலையை எதிர்பார்க்க முடியாது. ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தைப் பார்க்க மட்டும் இந்த எண்கள் உதவும்.

கேம் மட்டுமே நோக்கம், நாலைந்து ஆண்டு ஓட வேண்டும் என்பவருக்கு 9060 எக்ஸ்டி 16 ஜிபி நல்ல தேர்வு. பெரும்பாலான கேம்களில் 5060 டிஐக்கு அருகில் வருகிறது, அறிமுக விலையோ 80 டாலர் குறைவு. கேமோடு பிளெண்டரில் வேலை, வீடியோ எடிட்டிங், செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று படிப்பும் தொழிலும் சேர்ந்தவருக்கு என்விடியா கார்டு பொருத்தம். அந்த மென்பொருள்களில் பல, என்விடியாவின் 'கூடா' (CUDA) தொழில்நுட்பத்தை நம்பி எழுதப்பட்டவை. பி580 குறைந்த விலையில் 12 ஜிபி தருகிறது. ஆனால் அதற்குப் புதிய பிராசஸர் வேண்டும். காரணத்தை ஒன்பதாவது கேள்வியில் பாருங்கள்.

இவற்றோடு ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, ஆர்எக்ஸ் 6600 போன்ற முந்தைய தலைமுறைக் கார்டுகள் கடைகளில் மீதம் இருந்தால், விலை நன்றாக இறங்கியிருக்கும்பட்சத்தில் மட்டும் பாருங்கள். புதியதின் விலைக்கே பழையதை வாங்க வேண்டியதில்லை.

ஒரே சிப்பைப் பல நிறுவனங்கள் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. இரண்டு விசிறி, மூன்று விசிறி, வண்ண விளக்கு என்று விலை கூடிக்கொண்டே போகும். வேக வித்தியாசம் சில சதவீதத்துக்கு மேல் போகாது. 5060-ன் ஆடம்பர வடிவத்துக்குக் கேட்கும் விலையில், அதற்கு மேல்நிலைச் சிப்பின் எளிய வடிவம் கிடைத்துவிடுவது உண்டு. அப்போது சிப்புக்கே பணத்தைக் கொடுங்கள்.

6. 'கொடுத்த காசுக்குத் தகுந்த கார்டு' என்பதை எப்படிக் கணக்கிடுவது?

விலையை பிரேம் எண்ணிக்கையால் வகுப்பதே வழக்கமான முறை. கணக்குக்காக இரண்டு கார்டுகளை வைத்துக்கொள்வோம். முதல் கார்டு 26,000 ரூபாய், உங்கள் கேமில் 65 பிரேம் தருகிறது. ஒரு பிரேமுக்கு 400 ரூபாய். இரண்டாவது 34,000 ரூபாய், 80 பிரேம். ஒரு பிரேமுக்கு 425 ரூபாய். முதல் கார்டே லாபம் என்று தோன்றும்.

இப்போது மொத்தக் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பாருங்கள். மீதிப் பாகங்களுக்கு 40,000 ஆகிறது என்றால், முதல் கார்டோடு மொத்தம் 66,000. பிரேமுக்கு 1,015 ரூபாய். இரண்டாவதோடு 74,000; பிரேமுக்கு 925 ரூபாய். புதிதாக முழு கம்ப்யூட்டர் சேர்ப்பவருக்கு இரண்டாவதே லாபம். பழைய கம்ப்யூட்டரில் கார்டு மட்டும் மாற்றுபவருக்கு முதல் கணக்கே பொருந்தும். இருவருக்கும் ஒரே பரிந்துரை சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

பிரேம் எண்ணை நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். சொந்தமாகச் சோதித்துக் காட்டும் இரண்டு மூன்று விமர்சகர்களின் வீடியோக்களில், உங்கள் கேம், உங்கள் மானிட்டர் அளவு, கிட்டத்தட்ட உங்கள் பிராசஸர் உள்ள சோதனையைப் பாருங்கள். சராசரியோடு 'ஒரு சதவீத லோ' என்று ஓர் எண் இருக்கும். ஆட்டம் மிக மெதுவாகும் தருணங்களில் எத்தனை பிரேம் கிடைக்கிறது என்பதை அது சொல்கிறது. சராசரி 90 இருந்து, அந்த எண் 30 ஆக இருந்தால் ஆட்டம் வெட்டி வெட்டி இழுக்கும். சராசரி 75, அந்த எண் 60 என்றிருக்கும் கார்டு ஆடுவதற்கு இதமாக இருக்கும்.

7. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டால் பிரேம் பல மடங்கு ஏறும் என்கிறார்கள். அதை நம்பிச் சின்னக் கார்டு வாங்கலாமா?

இதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது அப்ஸ்கேலிங். படத்தைச் சிறியதாக வரைந்து, கணக்கின் மூலம் பெரியதாக்கிக் காட்டுவது. 4கே மானிட்டரில் 'குவாலிட்டி' நிலையில் கார்டு உள்ளே வரைவது 1440பி அளவில். இது உண்மையிலேயே பயனுள்ளது. ஆட்டம் வேகமாகிறது, படமும் பெரிதாகக் கெடுவதில்லை. ஆனால் 1080பி மானிட்டரில் அதே நிலை உள்ளே 720பி அளவில் வரைவதால் மங்கல் தெரியத் தொடங்கும். மானிட்டர் பெரியதாக இருக்கும்போதுதான் அப்ஸ்கேலிங்கின் முழுப் பலன் கிடைக்கும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் வேலை செய்யும். ஏஎம்டியின் பழைய எஃப்எஸ்ஆர் வடிவங்கள் எந்த நிறுவனக் கார்டிலும் ஓடும். தரம் உயர்ந்த எஃப்எஸ்ஆர் 4, ஆர்எக்ஸ் 9000 வரிசைக்காக 2025-ல் வந்தது.

இரண்டாவது பிரேம் ஜெனரேஷன். வரைந்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே கற்பனையாகச் சில பிரேம்களைச் செருகுவது. திரையில் எண்ணிக்கை கூடும், அசைவு வழுவழுப்பாகத் தெரியும். மவுஸை நகர்த்தியதற்கும் திரை பதில் சொல்வதற்கும் உள்ள தாமதம் மட்டும் குறையாது. கொஞ்சம் கூடவும் செய்யும். அடிப்படையில் 60 பிரேம் கிடைக்கும் கார்டில் இது நல்ல கூடுதல் வசதி. 25 பிரேமில் திணறும் கார்டை இது காப்பாற்றாது.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 4090-க்கு இணையான செயல்திறன் தரும் என்று அறிவித்தார். அந்த ஒப்பீடு புதிய பிரேம் ஜெனரேஷனைக் கணக்கில் சேர்த்தது. அதை அணைத்துவிட்டுப் பார்த்தால் 5070, 4090-க்கு வெகுவாகப் பின்தங்கியே நிற்கிறது. எனவே எந்த விளம்பர வரைபடத்தைப் பார்த்தாலும், பிரேம் ஜெனரேஷன் இல்லாத எண் என்ன என்று தேடுங்கள். விலையை ஒப்பிட அந்த எண்தான் உதவும்.

8. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் இரண்டையும் மாற்ற வேண்டுமா?

பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும்: 6 பின் வயர் 75 வாட், 8 பின் வயர் 150 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட், 5060 எடுப்பது 145, ஆர்க் பி580 எடுப்பது 190. 4060-க்கும் 5060-க்கும் என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ்.

கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 500 வாட் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். அது பழுதாகும்போது கார்டையும் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். '80 பிளஸ்' சான்று, நல்ல நிறுவனம், ஐந்தாண்டு வாரன்டி உள்ளதை எடுங்கள். கார்டின் விலையில் இரண்டாயிரம் குறைத்தாவது இதில் போடுவது புத்திசாலித்தனம்.

நம் வீடுகளில் உள்ள 600 விஏ யுபிஎஸ் வழக்கமாக 360 வாட் வரைதான் தாங்கும். கார்டு, பிராசஸர், மானிட்டர் மூன்றும் முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போனால், அது சட்டென்று அணைந்துவிட வாய்ப்பு அதிகம். 1000 விஏ இருந்தால் கேமைச் சேமித்து மூட நேரம் கிடைக்கும்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 100 வாட் கூடுதலாக எடுக்கும் கார்டில் தினம் நான்கு மணி நேரம் ஆடினால், இரண்டு மாத பில்லில் 24 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் இது அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடலாம். எடுக்கும் வாட் எல்லாம் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியேறும். சித்திரை, வைகாசியில் சென்னை, வேலூர் போன்ற ஊர்களில் ஆடுபவர்கள் முன்பக்கம் வலைத் துளைகளும் விசிறியும் உள்ள கேபினெட்டை வாங்குங்கள். கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்பதை அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

9. ஆறேழு ஆண்டுப் பழைய கம்ப்யூட்டரில் புதுக் கார்டு போடலாமா?

போடலாம், மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு. முதலாவது பிராசஸர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே விழுகிறது என்பதையெல்லாம் கணக்கிடுவது பிராசஸர். அது தாமதித்தால் கார்டு சும்மா காத்திருக்கும். விளையாடும்போது டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டை மாற்றுவதில் பயன் உண்டு. 60 சதவீதத்திலேயே நின்றால், பிரேமுக்கு எந்த வரம்பும் வைக்காத நிலையிலும் அப்படியே இருந்தால், தடை பிராசஸரில் இருக்கிறது.

இரண்டாவது ஸ்லாட்டின் வேகம். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600, 7600 ஆகியவை தரவு செல்லும் 16 பாதைகளுக்குப் பதில் 8 பாதைகளையே பயன்படுத்துகின்றன. பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில், குறிப்பாக நினைவகம் நிரம்பும் கேம்களில், இதனால் கொஞ்சம் வேகம் குறையும். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 பாதைகளும் 4 ஜிபி நினைவகமும் மட்டுமே கொண்டது. பழைய மதர்போர்டில் அது வெகுவாகத் தடுமாறும். விலை குறைந்த கார்டு, பழைய கம்ப்யூட்டருக்குப் பொருத்தம் என்று நினைத்து அதை வாங்கியவர்களுக்குத்தான் அதிக நஷ்டம். 9060 எக்ஸ்டிக்கு முழு 16 பாதைகள் உண்டு.

மூன்றாவது, ரீசைஸபிள் பார் என்ற பயாஸ் வசதி. இன்டெல் ஆர்க் கார்டுகள் நன்றாக ஓட இது அவசியம். பி580 பிராசஸரிடம் வேலை அதிகம் வாங்குவதால், பழைய ஆறு கோர் பிராசஸர்களோடு சேரும்போது பல கேம்களில் எதிர்பார்த்த வேகம் வருவதில்லை. பழைய கம்ப்யூட்டருக்கு ஆர்க் வேண்டாம்.

10. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? மைனிங்கில் ஓடிய கார்டு என்று பயமுறுத்துகிறார்களே?

கவனமாக வாங்கினால் நல்ல லாபம் தரும் வழி அது. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதோடு கிராபிக்ஸ் கார்டு கொண்டு அதை மைனிங் செய்வது முடிவுக்கு வந்தது. உலகெங்கும் அந்தக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதால் சிப் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. விசிறியும் தெர்மல் பேடும்தான் முதலில் தேயும், அவற்றை மாற்றலாம்.

கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மானிட்டர் வயர் செருகும் உலோகத் தகட்டில் துருப் புள்ளிகள், உள்ளே தெரியும் அலுமினியத் தகடுகளில் வெள்ளை பூத்ததுபோன்ற படிவு இருந்தால், கடற்கரைக் காற்றில் நீண்ட நாள் இருந்த கார்டு. ஸ்குருவின் தலை மழுங்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். சிப்பைச் சுற்றிப் பசை போன்ற படலம் தெரிந்தால் சூடு காட்டிப் பழுதுபார்த்த கார்டாக இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு அரைமணி நேரமாவது கனமான கேம் ஓட்டுங்கள். வெப்பம் 65 முதல் 80 டிகிரி வரை இருந்தால் இயல்பு. திரையில் நிறப் புள்ளிகள், கோடுகள் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஜிடிஎக்ஸ் 1060, 1070, 1080 போன்றவற்றுக்கு என்விடியா புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். பழைய கேம் மட்டும் ஆடுபவர்களுக்கே அந்தக் கார்டுகள் ஏற்றவை. எந்தச் செகண்ட் ஹேண்ட் கார்டுக்கும் புதியதன் விலையில் 60 சதவீதத்துக்கு மேல் கேட்டால், வாரன்டியோடு புதியதையே வாங்குவது நல்லது.

11. ஆன்லைனில் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி புதிது, மிகக் குறைந்த விலை என்று வருகிறது. போலியா?

முழுப் போலி இல்லாவிட்டாலும் முழு உண்மையும் இல்லாமல் இருக்கலாம். 2017-ல் வந்த அசல் ஆர்எக்ஸ் 580-ல் 2304 ஷேடர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) இருந்தன. 2018-ல் சீனச் சந்தைக்காக 2048 ஷேடர்களோடு அதே பெயரில் ஒன்று வந்தது. அது உண்மையில் ஆர்எக்ஸ் 570-க்குச் சமம். இன்று 'புதிது' என்று வரும் பலவும் இந்த வகை. பழைய சிப்பைப் புதுப் பலகையில் பொருத்தியவையும் உண்டு.

இதைவிட மோசமானது, ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பத்தாண்டுக்கு மேல் பழைய கார்டுகளின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டவைப்பது. விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். கண்டுபிடிக்க ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். பெயர் மாற்றிய கார்டு என்றால் பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே அடையாளம் காட்டும். ஷேடர் எண்ணிக்கை, நினைவக வகை, பஸ் அகலம் ஆகியவற்றை நிறுவனத்தின் தளத்தில் உள்ள விவரத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

12. பில், வாரன்டி விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்பி ரோட்டிலோ வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், ஜிஎஸ்டி பில்லில் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். 'பில் வேண்டாம் என்றால் விலை குறைத்துத் தருகிறேன்' என்பதை ஏற்காதீர்கள். மூன்றாண்டு வாரன்டியை விட்டுக்கொடுத்துப் பெறும் தள்ளுபடி அது. வாரன்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், கார்டை அனுப்பும் செலவு யாருடையது என்று வாங்கும் முன்பே கேளுங்கள். துபாய், சிங்கப்பூரிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், அந்த நிறுவனம் இந்தியாவில் வாரன்டியை ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை.

பார்சலைப் பிரிப்பதை முதல் டேப்பை வெட்டும்போதே தொடங்கி வீடியோ எடுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண், கார்டில் உள்ளது, பில்லில் உள்ளது மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

13. இப்போதே வாங்குவதா, விலை இறங்கும்வரை காத்திருப்பதா?

2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளைப் பெருமளவில் வாங்குவதால் ரேம் விலை கடுமையாக ஏறியது. கிராபிக்ஸ் கார்டுகளிலும் நினைவகம் இருப்பதால் அவையும் இதிலிருந்து தப்ப முடியாது. இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் நிச்சயம் விலை இறங்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்களிடம் இருக்கும் கார்டில் நீங்கள் ஆடும் கேம் நிறைவாக ஓடுகிறது என்றால், காத்திருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. செட்டிங்கில் நிழல், பிரதிபலிப்பு இரண்டையும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். பல கேம்களில் அதுவே நல்ல வேகத்தைத் தரும். கேம் ஓடவே இல்லை, படிப்புக்கும் கார்டு தேவைப்படுகிறது என்றால், பட்ஜெட்டுக்குள் கிடைக்கும் பொருத்தமான கார்டை இன்றே வாங்குங்கள். கடன் அட்டைத் தவணையில் அடுத்த படிநிலைக்குத் தாவ வேண்டாம். வட்டியோடு சேர்த்துக் கட்டும் தொகையை ஆறாவது கேள்வியில் உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் அந்தக் கார்டின் லாபம் வட்டியில் கரைந்திருக்கும். ஒரு வரம்பு வைத்து, அதற்குள் சிறந்ததை வாங்கி, மீதியை எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மானிட்டருக்கும் கொடுத்தவர்தான் நாலைந்து ஆண்டு கவலையில்லாமல் ஆடுவார்.